என்.சி. வசந்தகோகிலம்: படங்கள், இசைத்தட்டுகள், தேதிகளைச் சரிபார்க்க உதவி வேண்டும்

கொலுப்படி எழுதியது:

வணக்கம். ஒரு சபாவின் மலருக்காக, கர்நாடக இசைப் பாடகியும் நடிகையுமான என்.சி. வசந்தகோகிலம் பற்றி நான்கு பக்கக் கட்டுரை தயாராகிறது. இணையத்தில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட மனம் வரவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலத்தான் தெரிகிறது. தப்பும் அப்படியே தொடர்கிறது.

குழப்பமான இடங்கள் இவை. சொந்த ஊர் நாகப்பட்டினம் என்று சிலர், கேரளம் என்று சிலர். ஹரிதாஸ் படத்தில் அவர் கதாநாயகி என்று ஒரு கட்டுரை, துணைப் பாத்திரம் என்று இன்னொன்று. மொத்தம் ஆறே படங்கள்தானா? அப்படியொரு குரலை வைத்துக்கொண்டு ஏன் அதோடு நின்றார்? "வாய்ப்புகள் குறைந்தன" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

கூடவே அவருடைய 78 இசைத்தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) இரண்டு கைக்கு வந்திருக்கின்றன. வீட்டில் இருப்பது எல்.பி. (பிற்கால வினைல் தட்டு) ஓட்டும் பிளேயர், அதில் 33, 45 வேகங்கள் மட்டும்தான். 45ல் ஓடவிட்டுப் பதிவு செய்து கணினியில் வேகத்தைக் கூட்டினால் போதுமா? ஒரு தட்டை அப்படிச் செய்து பார்த்ததில் குரல் கம்பளி போர்த்தியது போல மங்கலாக இருக்கிறது, சரசரப்பு மட்டும் பலமாகக் கேட்கிறது. சுருதியும் சந்தேகமாக இருக்கிறது.

---

பழம்படப்பித்தன் எழுதியது:

ஊர் விஷயத்தில் முரண்பாடே கிடையாது, இரண்டும் சரி. பிறந்தது 1919ல், அன்றைய கொச்சி சமஸ்தானத்தின் இரிஞ்ஞாலக்குடாவில். இயற்பெயர் காமாட்சி, தந்தை சந்திரசேகர ஐயர். பிறகு குடும்பம் நாகப்பட்டினத்தில் குடியேறியது. அங்கேதான் 'ஜால்ரா' கோபாலய்யரிடம் முறையான பயிற்சி. பெயருக்கு முன்னால் நிற்கும் 'என்' நாகப்பட்டினம், 'சி' சந்திரசேகர ஐயர். 1936ல் சென்னைக்கு வந்தார்கள். 1938ல் மியூசிக் அகாடமி நடத்திய வாய்ப்பாட்டுப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு.

இந்தக் கடைசி வரியைக் கட்டுரையின் முதல் பத்திக்கே கொண்டுபோய்விடுங்கள். நடிக்க வந்த பெண் பாடவும் செய்தார் என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். கச்சேரி மேடையில் பெயர் எடுத்த பாடகியைப் படத்துக்கு அழைத்தார்கள் என்பதுதான் நடந்தது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பின்னணிக் குரல் 1938லேயே ஏ.வி. மெய்யப்பன் எடுத்த நந்தகுமாரில் வந்துவிட்டது என்றாலும், அது பரவலாக வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை திரையில் தெரிகிற முகத்துக்கே குரலும் வேண்டும். முசிறி சுப்பிரமணிய ஐயர், ஜி.என். பாலசுப்பிரமணியம், தண்டபாணி தேசிகர், வி.வி. சடகோபன் என்று பாடகர்கள் எல்லோரும் படங்களில் தலைகாட்டியது இதனால்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள்: சேவாசதனம் 1938, சகுந்தலை 1940, சாவித்திரி 1941, மீரா 1945. தமிழில் நான்கே படங்கள். அதை யாரும் "வாய்ப்புக் குறைந்தது" என்று எழுதுவதில்லை. வசந்தகோகிலத்துக்கும் அதே அளவுகோலை வையுங்கள்.

ஆறு படங்கள் என்பது சரி. சந்திரகுப்த சாணக்யா 1940ல், சி.கே. சச்சி இயக்கம். வேணுகானம் 1941ல், வி.வி. சடகோபனோடு. கங்காவதார் 1942ல், நாகர்கோவில் மகாதேவனோடு. ஹரிதாஸ் 1944ல். வால்மீகி, குண்டலகேசி இரண்டும் போர் முடிந்த பிறகு திரைக்கு வந்தவை. குண்டலகேசிக்குப் பழைய பட்டியல்களில் 1946, 1947 என இரண்டு ஆண்டுகளும் வரும். தணிக்கைச் சான்று ஓர் ஆண்டிலும் வெளியீடு அடுத்த ஆண்டிலும் விழுந்தால் இப்படித்தான் ஆகும். நீங்கள் ஆண்டு போடும்போது அது வெளியான ஆண்டா, தணிக்கையான ஆண்டா என்று ஒரே கணக்கைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரிதாஸில் கதாநாயகியா துணையா என்ற சண்டையே வேண்டாம், வேடத்தைச் சொல்லிவிடுங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் ஹரிதாஸ். அவர் மனைவி லட்சுமியாக வசந்தகோகிலம். ஹரிதாஸை மயக்கிச் சொத்தைப் பறிக்கும் தாசி ரம்பையாக டி.ஆர். ராஜகுமாரி. 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' ராஜகுமாரி வரும் காட்சி என்பதால் மக்கள் நினைவில் அவர் முகம் முன்னால் நிற்கிறது. ஆனால் படத்தில் தனியாகப் பாடுகிற பெண்குரல் என்று தேடினால் வசந்தகோகிலத்திடம்தான் வந்து நிற்பீர்கள். 'கதிரவன் உதயம் கண்டு', 'எனது மனம் துள்ளி விளையாடுதே' இரண்டையும் கேளுங்கள். 'கதிரவன் உதயம் கண்டு கமலங்கள்' என்ற அந்த எடுப்பில் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று கவனியுங்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் சொல் நசுங்காது. அவருடைய பலமே அதுதான், கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி தாராளமாக ஒதுக்கலாம்.

படம் வெளியானது 1944 அக்டோபர் 16, தீபாவளி. சென்னை பிராட்வே டாக்கீஸில் 1944, 1945, 1946 என மூன்று தீபாவளி கண்டது. இதை "மூன்று ஆண்டுகள் ஓடியது" என்று மாற்றி எழுதுகிறார்கள். மூன்று தீபாவளி என்றால் இரண்டு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

மறைவு 1951 நவம்பர் 7, காசநோய். வயது சுமார் 32.

---

சுருள்பெட்டி எழுதியது:

"ஏன் நின்றது" என்ற கேள்விக்குப் போர்க்காலக் கட்டுப்பாட்டைப் பேசாமல் பதில் சொல்ல முடியாது.

கச்சா பிலிம் முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. கப்பல் போக்குவரத்து சிக்கலானதும் 1942ல் இந்திய அரசு ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்கச் சொன்னது. 1943ல் பிலிமுக்கே உரிமம் வந்தது. உரிமம் கிடைக்காதவர் படம் எடுக்க முடியாது. போர் முடிந்து 1945 இறுதியில்தான் கட்டுப்பாடு நீங்கியது. இதற்கு நடுவே 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட, சென்னை நகரமே காலியாகத் தொடங்கியது. ஸ்டுடியோ வேலைகள் நின்றன.

அதனால் கங்காவதாருக்கும் ஹரிதாஸுக்கும் இடையே இருக்கிற இரண்டாண்டு இடைவெளி அவருடைய இடைவெளி அல்ல, தமிழ்ப்பட உலகத்தின் இடைவெளி. அந்த ஆண்டுகளில் யாருக்குமே படம் குறைவு.

11,000 அடி என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள், வாசகருக்குச் சட்டென்று புரியும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11,000 அடி 122 நிமிடம். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 270 அடி போய்விடும். இருபது பாட்டு வைத்தால் 5,400 அடி, அதாவது ஏறக்குறையப் பாதிப் படம். போருக்கு முன்னால் 15,000 அடி, 18,000 அடி என்று தாராளமாக ஓடிய படங்கள். அதில் கச்சேரி போலப் பாட்டுக்கு மேல் பாட்டு வைக்க முடிந்தது. நீளம் வெட்டுப்பட்டதும் முதலில் கத்தி விழுவது யார் பாட்டில்? பாகவதர் பாட்டில் விழாது, அவருக்காகத்தான் கூட்டமே வருகிறது. அப்படியொரு படத்தில் இன்னொருவர் தனிப்பாட்டுகளோடு நிற்பதே பெரிய விஷயம். என்னைக் கேட்டால் ஹரிதாஸில் அவருக்குக் கிடைத்த அடிக்கணக்கை வைத்துத்தான் அவருடைய மதிப்பை அளக்க வேண்டும், பட எண்ணிக்கையை வைத்து அல்ல.

படத்தைப் பார்த்து எழுதுவதானால் ஒரு எச்சரிக்கை. சினிமா நொடிக்கு 24 படச்சட்டம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை வீடியோவுக்கு மாற்றும்போது 25 ஆக ஓட்டுவார்கள். 122 நிமிடம் 117 ஆகச் சுருங்கும். காட்சி எதுவும் வெட்டுப்படாமலே ஐந்து நிமிடம் காணாமல் போவது இதனால்தான். "வெட்டிய பிரதி" என்று எழுதிவிடாதீர்கள். அதோடு சுருதியும் 4 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும்; அரைக் கட்டையில் முக்கால் பங்கு. ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் குரல் இன்னும் மெலிந்து, கீச்சென்று கேட்கும். "அந்தக் காலத்துக் குரல் இப்படித்தான்" என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி இந்த வேகக் கோளாறுதான். கேட்பதற்கு முன் பிளேயர் மென்பொருளில் வேகத்தை 0.96 ஆகவும், சுருதியை அப்படியே நிறுத்திவைக்கும் தேர்வை அணைத்தும் வையுங்கள். அந்தத் தேர்வு அணையாவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி உயரத்திலேயே நிற்கும்.

மற்ற படங்கள் ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்று ஒரு வரி எழுதலாம். அன்றைய பிலிம் நைட்ரேட். வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதையும்: முதலில் படம் மங்கிப் பழுப்பேறும், அடுத்து சுருள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு குமிழ் விட்டுப் பாகாகி, கடைசியில் பழுப்புத் தூள். ஒட்டிக்கொண்ட நிலைக்கு வந்த சுருளைப் பிரித்தால் படப்பூச்சு உரிந்து வந்துவிடும். சிதையாமல் தப்பியதை வெள்ளி எடுக்கக் கரைத்தார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964ல்தான். அங்கேயும் 2003ல் நைட்ரேட் சுருள்கள் தீயில் போயின.

---

ஊசிமுனை எழுதியது:

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொலுப்படி, இப்போது இருக்கும் ஊசியோடு அந்தத் தட்டுகளை இனிமேல் ஓட்டாதீர்கள்.

எல்.பி. ஊசியின் முனை 0.7 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78 தட்டுக்கு வேண்டியது சுமார் 3 மில். நான்கில் ஒரு பங்கு முனை அகலப் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து தூசியைத்தான் வருடும், சுவரைத் தொடாது. குரல் இருப்பது சுவரில். உங்கள் பதிவில் சரசரப்பு பலமாகவும் குரல் தூரத்திலும் கேட்பதற்கு முதல் காரணம் இதுவே. பல கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 78க்கான மாற்று ஊசி தனியாகக் கிடைக்கும். ஊசியை மட்டும் கழற்றி மாட்டினால் போதும். ஊசி அழுத்தம் எல்.பி.யை விடக் கூடுதலாக வேண்டும், ஊசியோடு வரும் தாளில் சொன்ன அளவின் மேல்வரம்பில் வையுங்கள். குறைத்தால் பள்ளத்தில் நிற்காமல் துள்ளும்.

கழுவும்போது ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் கூடவே கூடாது. அந்தத் தட்டு அரக்கு. ஆல்கஹாலில் அரக்கு கரையும். எல்.பி. கழுவ விற்கும் திரவங்களில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும், சீசாவின் முதுகைப் படித்துவிட்டு வாங்குங்கள். வடிநீர் ஒரு லிட்டர், மணமில்லாத பாத்திர சோப்பு இரண்டு மூன்று சொட்டு. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் வடிநீரால் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. நிமிர்த்தி நிழலில் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் அப்பளம் போல வளைந்துவிடும்.

45ல் ஓட்டி வேகம் கூட்டலாமா என்றால், கூட்டலாம். விரிசல் விட்ட தட்டுக்கு அது நல்லதும்கூட, ஊசி துள்ளாது. ஆனால் வரிசை முக்கியம். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ பகுதி (இசைத்தட்டு ஒலியை வாங்கும் இடம்) ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற எல்.பி.க்கான ஒலிச் சமனைப் போடுகிறது: 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏற்றும், 2,122 ஹெர்ட்ஸுக்கு மேலே இறக்கும். 10,000 ஹெர்ட்ஸில் அந்த இறக்கம் 13.7 டெசிபல். அது எல்.பி.யில் மேல் ஒலிகளை ஏற்றிப் பதிந்ததை ஈடுகட்ட வந்தது. அந்தக் காலத்து 78ல் மேல்பகுதியை அப்படி ஏற்றிப் பதியவில்லை என்றால், அந்த இறக்கம் குரலின் மினுமினுப்பை அப்படியே விழுங்கிவிடும். கம்பளி போர்த்தியது போல என்றீர்களே, அது இதுதான். 45ல் பதிந்து வேகத்தைக் கூட்டினால் 500 போய் 867 ஆகும், 2,122 போய் சுமார் 3,680 ஆகும். கோளாறு இன்னும் மேலே நகர்ந்து பரவும்.

ஆகவே செய்ய வேண்டியது: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மென்பொருளில் முதலில் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைத் தலைகீழாகப் போட்டு நீக்குங்கள். அடுத்து வேகம். அதற்குப் பிறகுதான் 78க்கான சமன்: 250 முதல் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றம், மேலே தட்டையாக விடுங்கள். இரைச்சல் அதிகமானால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் லேசாகச் சரியவிடலாம். இரண்டு சேனலையும் கூட்டி மோனோ ஆக்குவது கட்டாயம். மேலும் கீழுமாக ஊசி ஆடுவதால் வரும் இரைச்சல் அதிலேயே பெரும்பாலும் ரத்தாகும்.

வேகத்துக்குக் கணக்கு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் தரவேகம் 77.92. அதை 45ஆல் வகுத்தால் 1.7316. ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், தட்டுக்குத் தட்டு சற்று மாறும். 4.6 சுற்று பிசகினால் சுருதி அரைக் கட்டை நகரும். ஒரே நாளில் பதிவான இரண்டு பக்கங்கள் கிடைத்தால் இரண்டிலும் ஆதார ஷட்ஜத்தை (பாட்டின் அடிப்படை ஸ்வரமான 'ஸ') அளந்து ஒப்பிடுங்கள். அவருடைய சுருதி இத்தனை கட்டை என்று ஒரே ஒரு தட்டை வைத்து மலரில் அச்சிட வேண்டாம்.

இரைச்சல் நீக்கும் கருவியை அளவாகப் பயன்படுத்துங்கள். வசந்தகோகிலத்தின் பிருகாக்கள் மிக வேகமானவை, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி முத்தாக விழும். கருவியை முடுக்கினால் அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளை இரைச்சல் என்று நினைத்து நிரப்பிவிடும். பிருகா வழவழவென்று ஓர் இழுப்பாகிவிடும். டிக் டிக் சத்தத்தை மட்டும் எடுத்து, அடியில் ஓடும் சரசரப்பை விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. தட்டில் இருப்பது படத்தில் வரும் பதிவேதான் என்று நினைக்க வேண்டாம். அன்று இசைத்தட்டுக்குத் தனியாகப் பாடிப் பதிவு செய்வது வழக்கம். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் அடங்க நிரவலையும் சங்கதிகளையும் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதை) குறைப்பார்கள். ஒரே பாட்டை வேறொருவர் தட்டில் பாடியதும் உண்டு. பட ஒலியையும் தட்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, வரிகளையும் வாத்தியங்களையும் ஒப்பிட்ட பிறகு எழுதுங்கள். அவருடைய புகழ்பெற்ற தட்டுகளில் பல, படப்பாட்டே அல்ல: 'தந்தை தாய் இருந்தால்', அருணாசலக் கவியின் 'ஏன் பள்ளி கொண்டீரய்யா' போன்றவை. கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கம் சூடுபிடித்து, 1943ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலம் அது. அந்தத் தட்டுகளை அந்தப் பின்னணியில் வையுங்கள், சினிமாவின் கீழே அடுக்காதீர்கள்.

---

கொலுப்படி எழுதியது:

மிக்க நன்றி, மூவருக்கும். 78 ஊசி வாங்கச் சொல்லியாகிவிட்டது. இரண்டு சின்னக் கேள்விகள் பாக்கி. பாட்டுப் புத்தகத்தை ஆதாரமாகக் காட்டலாமா? கடைசிப் பத்தியில் "உரிய சிகிச்சை கிடைக்காமல் மறைந்தார்" என்று எழுதலாமா?

---

பழம்படப்பித்தன் எழுதியது:

பாட்டுப் புத்தகம் நல்ல ஆதாரம்தான், எதற்கு ஆதாரம் என்பதில் கவனம் வேண்டும். நடிகர் பட்டியல், வேடப் பெயர், பாட்டு வரிகள், ராக தாளம் இவற்றுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் புத்தகம் படம் வருவதற்கு முன்பே அச்சாகி, கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்கும். கடைசி நேரத்தில் நீளம் குறைக்க வெட்டப்பட்ட பாட்டு புத்தகத்தில் அப்படியே இருக்கும். ஆகவே "படத்தில் இத்தனை பாட்டு" என்று எண்ண அதை நம்பக் கூடாது. சுருள்பெட்டி சொன்ன 11,000 அடிக் காலத்துப் படங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பலவற்றில் ஆண்டும் இருக்காது. கதைச் சுருக்கமும் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று பாதியில் நின்றுவிடும், முடிவை அதிலிருந்து ஊகித்து எழுதாதீர்கள். பாட்டுக்கு மேலே வேடத்தின் பெயர் மட்டும் போட்டிருந்தால், பாடியவரும் அவரே என்பதற்கு அது சான்றாகாது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் நிறைய உண்டு. படத்தின் பெயர், ஆண்டு இரண்டையும் எழுதிக்கொண்டு போனால் தேடுவது சுலபம்.

சிகிச்சை பற்றிய அந்த வரியை விட்டுவிடுங்கள். அவருக்கு என்ன வைத்தியம் நடந்தது என்பதற்கு மருத்துவக் குறிப்பு கையில் இல்லாமல் யாரையும் குறை சொல்லும்படி எழுதக் கூடாது. காலத்தை மட்டும் சொன்னாலே போதும். ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடும். காசநோய்ச் சிகிச்சையைப் புரட்டிப்போட்ட ஐசோனியசிட் 1952ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அவர் மறைந்தது 1951 நவம்பரில். இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிவிட்டு "காசநோயால் மறைந்தார்" என்று நிறுத்துங்கள்.

வயதைப் போடும்போது 1919ஐ 1951லிருந்து கழித்து 32 என்றே எல்லோரும் எழுதுகிறோம். பிறந்த மாதத்துக்கு உறுதியான ஆவணம் கிடைக்கும்வரை "சுமார் 32 வயதில்" என்பதோடு நில்லுங்கள், மாதக்கணக்கு வேண்டாம்.

---

ஊசிமுனை எழுதியது:

ஒரு பின்குறிப்பு. தட்டுகளைப் படம் எடுக்கும்போது லேபிளோடு நிற்காமல், லேபிளுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள வழவழப்பான வளையத்தையும் எடுங்கள். அங்கே பொறித்திருப்பது பதிவு எண். லேபிளில் அச்சிட்ட விற்பனை எண் மறுபதிப்பில் மாறலாம், பொறித்த எண் அந்தப் பதிவுக்கே உரியது. விளக்கை நேரே பிடித்தால் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழும்பும். இரண்டு தட்டின் நான்கு பக்க எண்களையும் இங்கே போட்டால், எவை ஒரே அமர்வில் பதிவானவை என்று சேர்த்துப் பார்க்கலாம்.